மூன்றாம் எண்ணுக்கு நூறு மார்க்

எங்கள் செடிகளுக்கு உடம்பு சரியில்லை என்பது செல்போன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன் பதினெட்டு வருடம், அந்த விவரம் தெரியாமல் அவை பாட்டுக்குத் தழைத்துக்கொண்டிருந்தன. நானும் விவரம் தெரியாமல் விற்றுக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லும்போது இதில் பாதி சிரிப்பாகத்தான் இருக்கிறது. மீதிப் பாதிக்கு வரும்போது நானே சொல்கிறேன்.

எங்களுடையது நிழல்செடி நர்சரி. ஓட்டல் வரவேற்பறை, ஆபீஸ் மூலை, ஆஸ்பத்திரி நடைவழி என்று ஜன்னலே இல்லாத இடங்களில் வைக்கிற செடிகள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏழு பெரிய மரங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அது காடு. வெட்டிக்கொண்டே வந்தவர்களுக்கு எங்கள் கொல்லைக்கு வரும்போது கை வலித்ததோ என்னவோ, அந்த ஏழும் தப்பித்தன. மேலே அவை ஒன்றோடொன்று கைகோத்துக் கூரை போட்டிருக்கும். வெயிலில் பெரும்பங்கை உச்சியில் இருக்கிற இலைகளே தின்றுவிடும். அவை சிந்தியதை அடுத்த அடுக்கு இலைகள் தின்னும். தரைக்கு வருவது ஏதோ மிச்சம் மீதி.

அந்த மிச்சமும் சீராக வராது. இலை இடுக்கில் புகுந்து பொட்டுப் பொட்டாக விழும். ஒரு பொட்டு ஓரிடத்தில் நாலு நிமிஷம் நிற்கும், ஆறு நிமிஷம் நிற்கும், பிறகு நகர்ந்துவிடும். எங்கள் செடிகள் நாள் முழுக்க அரையிருட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பொட்டு வந்ததும் அவசர அவசரமாகச் சாப்பிடும். அவற்றின் அன்றாடச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் அந்த நாலைந்து நிமிஷத்தில்தான். கொஞ்சம் கூடிப்போனால் இலை கருகிவிடும், குறைந்துபோனால் நோஞ்சானாகிவிடும்.

அதனால் என் வேலை தொட்டி நகர்த்துவது. எட்டரைக்கு இரண்டாவது மேடையில் பொட்டு விழும். ஒன்பதே முக்காலுக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரம். தெம்பான செடியைப் பொட்டுக்குள் தள்ள வேண்டும், இளசை வெளியே இழுக்க வேண்டும். புதிதாக எது வந்தாலும் இரண்டு மாசத்துக்கு அதன்மேல் பொட்டே படக்கூடாது, இது எங்கள் நர்சரிச் சட்டம். பதினெட்டு வருடத்தில் இதெல்லாம் என் மூளையை விட்டு இறங்கிக் கைக்கு வந்துவிட்டது. போனில் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன், கை அது பாட்டுக்குத் தொட்டியை நகர்த்திக்கொண்டிருக்கும்.

நகர்த்தவே முடியாதவள் ஒருத்தி இருந்தாள். பெரியவள் என்று கூப்பிடுவேன். வெல்வெட் துணி போன்ற கரும்பச்சை இலைகள், ஒவ்வொன்றும் முறத்தின் அகலம், நடுவே வெள்ளி நரம்பு. நாங்கள் விற்ற வெல்வெட் செடி அத்தனையும் அவள் அடியிலிருந்து பிரித்த குட்டிகள்தான். தொழில் ஆரம்பித்த புதிதில் அடியில்லாத ஒரு சிமெண்டுக் கிணற்று உறையைத் தரையில் வைத்து, மண் நிரப்பி அதில் நட்டேன். வேர் அடிவழியாகத் தரைக்குள் இறங்கிவிட்டது. அவளைத் தூக்குவதென்றால் தரையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தூக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஏழில் பெரிய மரத்துக்கு நேர் கீழே இருந்தாள். அந்த மரத்துக்குக் குடை என்று பெயர் வைத்திருந்தோம். குடை அவளுக்கு நாளைக்கு ஒரே ஒரு பொட்டு விடும். பதினொன்று பத்துக்கு வரும், ஐந்து நிமிஷம் இலைமேல் ஊர்ந்துவிட்டுப் போய்விடும். அது அவளுக்குப் போதும். காலையில் முதல் காபியை அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிப்பேன். யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் முதலில் அவளிடம் திட்டிப் பழகிவிட்டு, பிறகு என் வீட்டுக்காரரிடம் போவேன்.

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லாரும் செயலாளர் என்பார்கள். சிறுதொழில் செய்வோர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். அந்த வருடம் பதினோரு பேருக்கும் நவீனமாகிற காய்ச்சல் பிடித்தது. பேக்கரிக்காரர் டோக்கன் இயந்திரம் வாங்கி வைத்தார். கடையில் இரண்டே பேர் நின்றாலும் எண் எடுத்துக்கொண்டு கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். பிரெட் கையெட்டும் தூரத்தில் இருக்கும், நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். சாவி போடுகிறவர் ஒரு படி மேலே போய்த் தன் கடைக்கே விரல்ரேகைப் பூட்டு மாட்டினார். முப்பது வருடம் அரம் தேய்த்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? மறுநாள் காலை தன் கடை வாசலிலேயே கட்டைவிரலை எச்சில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டு நின்றார். இதையெல்லாம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்தது எங்கள் வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு பெரிய ஓட்டல் நிறுவனம் தன் கிளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நர்சரியில் செடி எடுக்கப் போகிறதாம். ஒரே ஒரு நிபந்தனை. செடி வளர்வதைக் கருவி வைத்துக் கண்காணிக்க வேண்டும், முப்பது நாள் தொடர்ந்து பச்சை காட்ட வேண்டும். நடுவே ஒரு நாள் சிவப்பில் முடிந்தாலும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். செயலாளர் அன்றைக்கு மாலை வீட்டுக்குள் நுழைந்த நடையே வேறு மாதிரி இருந்தது.

"இது மட்டும் கிடைச்சா நாம எங்கயோ போயிடுவோம்," என்றார்.

"நாம எங்கயும் போக வேண்டாம். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்றேன்.

அடுத்த வாரம் கருவி மாட்ட ஒரு பெண் வந்தாள். சுறுசுறுப்பான பெண், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. காளான் போல ஆறு வெள்ளைக் கருவிகள், ஒவ்வொன்றும் ஒரு குச்சி நுனியில். ஐந்தை மேடைத் தொட்டிகளில் செருகினாள். மூன்றாம் எண்ணைப் பெரியவளின் உறைக்குள் ஊன்றினாள்.

"அக்கா, வெளிச்சம், ஈரம், சூடு எல்லாத்தையும் இதுதான் பாக்கும். ரொம்ப டெலிகேட். உங்க செடியைப் பாத்துக்கிற மாதிரியே இதையும் பாத்துக்கோங்க."

"அதை என்கிட்டயா சொல்றே?" என்றேன்.

சொன்ன சொல் தவறாமல் பார்த்துக்கொண்டேன். வெள்ளையாக, மெல்லிசாக, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கம்பிகளோடு புதிதாக வந்திருக்கும் சாமான்மேல் பொட்டு படவிடுவேனா? பொட்டு வருகிற நேரத்தில் போகிற போக்கில் என் கை நீளும், குச்சியை இலைக்குப் பின்னால் தள்ளிவிடும். பொட்டு போனதும் பழைய இடத்திலேயே நிறுத்திவிடும். மூன்றாம் எண்ணுக்குப் பெரியவளின் இலையே மறைப்பு. இப்படிச் செய்கிறேன் என்ற நினைப்புகூட எனக்குக் கிடையாது. மூச்சு விடுவதை யாராவது யாரிடமாவது சொல்வார்களா?

நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் செயலாளரின் போன் கிணிங் என்றது. அந்தச் செயலிக்குப் பசுமைத் தோழன் என்று பெயர். தோழன் சிவந்திருந்தான்.

"வெளிச்சம் போதலையாம்," என்றார்.

"யாருக்கு?"

"மூணாம் நம்பருக்கு."

"அது யாரு மூணாம் நம்பர்?"

"உன் பெரியவதான்."

எனக்குச் சுருக்கென்றது. "அவ நேத்துதான் புது இலை விட்டிருக்கா. எந்திரிச்சு வந்து பாருங்க."

"கண்ணால பாக்கிறது வேற. உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத்தானே தெரியும்?"

"பதினெட்டு வருஷமா உள்ள நடக்கிறதுதான் வெளிய இலையா வருது. உங்க தோழன் ஒரு பொய்யன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் கிணிங், பல் தேய்க்கும்போது கிணிங், விருந்தாளி வந்திருக்கும்போது கிணிங். செடிகள் ஆபத்தில் இருக்கின்றன, உடனே கவனிக்கவும். ஆபத்தில் இருந்த செடிகள் மேடைமேல் செழிப்பாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. செயலாளர் மட்டும் இளைத்துப்போனார். நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பொய்யன் கதையைச் சொல்லிச் சிரித்தேன். பேக்கரியில் டோக்கனோடு நிற்கும்போது சொன்னேன். சாவிக்காரரின் மனைவியிடம் சொன்னேன். கருவிக்காரப் பெண்ணை வரவழைத்து அவள் முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

அவள் மதியம் மூன்று மணிக்கு வந்து ஆறு கருவியையும் சோதித்தாள். "கருவி சரியாத்தான் இருக்கு அக்கா. வெளிச்சம்தான் இல்ல."

"அது சொல்றது சரின்னு ஒரே ஒரு நாள் நிரூபி. இந்த நர்சரிச் சாவியைக் கழட்டிக் குடுத்துட்டு நான் என் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

சங்கத்துக்காரர்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும்போது சொன்ன வார்த்தை அது. எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

இரண்டு மாசம் ஆகியும் பச்சை வரவில்லை. ஓட்டலின் கொள்முதல் மேடம் கெடு வைத்துவிட்டார். இந்த மாசக் கடைசிக்குள் முப்பது நாளை எண்ண ஆரம்பிக்கவில்லையென்றால் வேறு நர்சரி. தோழனிடம் இதற்கு ஆலோசனையும் இருந்தது. மேற்கூரையை முப்பது சதவீதம் திறக்கவும். பிளாஸ்டிக் கூரை போட்ட நர்சரிகளுக்காக எழுதப்பட்ட செயலி அது. பொத்தானை அமுக்கினால் கூரை சுருளும், மறுபடி அமுக்கினால் விரியும். எங்கள் கூரை மரம் என்பதை யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

"முழு மரத்தையும் இல்ல. குடையோட ஒரே ஒரு கிளை. கிழக்கால போகுதே, அந்த ஒண்ணு," என்றார் செயலாளர்.

"அது போனா பெரியவ தலைமேல நேரா வெயில் இறங்கும். அவ தாங்க மாட்டா."

"வெளிச்சம் இல்லாமதான் அவ கஷ்டப்படறான்னு அது சொல்லுது."

"அவளா வந்து உங்ககிட்ட கஷ்டப்படறேன்னு சொன்னாளா?"

"நீ எதையுமே நம்ப மாட்டே. நான் ஒரு காரியம் உருப்படியா செஞ்சுட்டா உனக்குப் பொறுக்காது." அவர் குரல் உடைந்தது. "பதினெட்டு வருஷமா உன் செடி, உன் பொட்டு, உன் நேரம். நான் எதுக்கு இங்க இருக்கேன்? தொட்டிக்கு மண்ணு சுமக்கவா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

மரம் ஏறுகிறவரை வரவழைத்தார். எனக்கு விதை பறித்துத் தருகிறவர், பல வருடப் பழக்கம், வாய் ஓயாது. அவரையும் அந்த நவீனக் காய்ச்சல் விட்டுவைக்கவில்லை. இனி ஏறாமலேயே மேலே பார்த்துவிடலாம் என்று பறக்கும் கேமரா ஒன்று வாங்கியிருந்தார். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு எங்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். அது ஜோராகக் கிளம்பி, குடைக்குள் புகுந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"என்ன ஆச்சு?" என்றார் செயலாளர்.

"மாட்டிக்கிச்சுண்ணே. ஏறித்தான் எடுக்கணும்."

வேறொரு நாளாக இருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பேன். அன்றைக்கு, அவர் எப்படியும் ஏறத்தான் போகிறார் என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது.

இடுப்பில் கயிறும் சின்ன இயந்திர ரம்பமும் கட்டிக்கொண்டு ஏறினார். நான் பெரியவள் பக்கத்தில் போய் நின்றேன். போராட்டம் எல்லாம் இல்லை, அவளை விட்டுவிட்டு வீட்டுக்குள் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். செயலாளர் எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். உச்சியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா! மேல என்னா வெயிலு! கண்ணு கூசுது! கீழ இம்புட்டு இருட்டு, மேல இப்படி ஒரு வெளிச்சம்! ஒரு தடவை நீங்க வந்து பாக்கணும்!"

"நீ முதல்ல கயிறைச் சரியா கட்டு. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

கேமராவை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கிளையில் கயிறு கட்டினார். அப்போது செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சண்டைக்காக இல்லாமல் கெஞ்சுகிற மாதிரியே சொன்னார்.

"பதினொன்னு பத்து, பதினொன்னு பத்துன்னு வாய் ஓயாம சொல்லுவியே. இப்ப மணி பதினொன்னு பன்னெண்டு. நீயே பாரு. மூணாம் நம்பர்ல ஒண்ணுமே ஏறலை."

குனிந்து பார்த்தேன். பொட்டு சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது. பெரியவளின் நடு இலைமேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தகதகவென்று நின்றது. அந்த இலைக்குப் பின்னால் மூன்றாம் எண் இருந்தது. அதன் குச்சியை என் இரண்டு விரல்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.

இரண்டு மாசமும் ஒரு நொடியில் கண்முன் ஓடியது. எட்டரைக்கு ஒன்று, ஒன்பதே முக்காலுக்கு ஒன்று, பதினொன்று பத்துக்கு மூன்றாம் எண். ஆறு கருவியும் ஒரு பொட்டைக்கூடப் பார்த்ததில்லை. நான் பார்க்க விட்டதில்லை. பொய்யன் இரண்டு மாசமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

மேலிருந்து குரல். "அண்ணே, ஆரம்பிக்கலாமா?"

செயலாளர் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இதை மட்டும் நான் சத்தியமாகச் சொல்வேன், அந்த நேரத்தில் நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். அந்த முகம் எனக்குத் தெரியும். ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்பாரே. கேட்டால், கருவிமேல் தப்பில்லை, தப்பு என் கைமேல் என்று சொல்ல வேண்டும். கருவிக்காரப் பெண்ணின் முகம், சாவிக்காரர் மனைவியின் முகம், பேக்கரி வரிசை, சங்கத்துச் சிரிப்பு எல்லாம் வந்து நின்றன. சொல்லிவிடலாம், எப்படிச் சொல்வது என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "ஆரம்பிப்பா."

ரம்பம் அலறியது. அப்புறம் நான் கத்தினேன். நிறுத்து நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கிளை முறிந்து, கயிற்றில் ஆடி, மெதுவாக இறங்கியது. அதற்குப் பின்னால் வெயில் இறங்கியது. பொட்டு இல்லை, முழு வெயில். அந்த இடத்துத் தரையின் நிறம் என்ன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனில் பாட்டு வந்தது. மூன்றாம் எண் பச்சை.

"பாத்தியா?" என்றார் செயலாளர். அவர் கண் கலங்கியிருந்தது. "அவளுக்கும் இது நல்லதுதாம்மா."

நான் சண்டை போடவில்லை. அன்றைக்கு இரவும் போடவில்லை, அடுத்த நாளும் போடவில்லை. ஒருவழியாகப் புரிந்துகொண்டேன் என்று அவருக்கு நிம்மதி. சண்டை போடுகிற தகுதியைத் தொலைத்துவிட்டு வாயடைத்து நிற்கிறேன் என்று அவருக்கு எங்கே தெரியும்?

கிளை விழுந்த அன்றைக்கே மற்ற தொட்டிகளை மீதி ஆறு மரங்களுக்கு அடியில் மாற்றினோம். அவற்றின் கருவிகளைப் பொட்டு வரும்போது நான் தொடவில்லை, சாயங்காலத்துக்குள் அவையும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. பெரியவளை எங்கே மாற்றுவது? மூன்றாம் நாள் அவள் இலைகள் வெளுத்தன. நாலாம் நாள் ஓரம் சருகாகிச் சுருண்டன. அவள் தலைக்குமேல் என் கறுப்புக் குடையைக் கட்டினேன். உடனே கிணிங். செயலாளர் ஓடிவந்தார். குடையைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் எண்ணை மட்டும் பிடுங்கி, குடை நிழலுக்கு வெளியே உறையின் விளிம்போரம் வெயிலில் ஊன்றினார். கிணிங் நின்றது. செடி நிழலில், கருவி வெயிலில்.

கறுப்புக் குடை கட்டியது தாமதம்தான். பன்னிரண்டாம் நாள் கடைசி இலை விழுந்தது. அடித்தண்டு முதலில் மெத்தென்று ஆனது, பிறகு காய்ந்தது. "மறுபடி துளிர்க்கும் பாரு," என்று அவர் ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை. நான் மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. வெளிச்சம் நிறைவு, ஈரம் நிறைவு. தோழன் போடுகிற மார்க்கில் மூன்றாம் எண் எழுபது வாங்கியது, எண்பத்தைந்து வாங்கியது, கடைசியில் நூறும் வாங்கியது. கீழே எழுத்தில், மிக்க நலம் என்று போட்டிருந்தது.

இருபதாம் நாள் சங்கத்தில் செயலாளருக்குச் சிறந்த நவீன சிறுதொழில் என்று கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். பேக்கரிக்காரர் கேக் கொண்டுவந்திருந்தார், டோக்கன் இல்லாமலே கொடுத்தார். செயலாளர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

"இந்தப் பாராட்டு என் வீட்டம்மாவுக்குத்தான் போகணும். ஆரம்பத்துல நம்பலை, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கருவிங்களை என்னைவிட அக்கறையா பாத்துக்கிட்டது அவதான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

இருபத்தெட்டாம் நாள், பதினொரு மணி சுமாருக்குக் கொள்முதல் மேடம் நேரில் வந்தார். இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. தலைமை அலுவலக வாசலில் வைப்பதற்குப் பட்டியலிலேயே சிறந்த செடியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். போனைப் பார்த்துக்கொண்டே மேடைகளுக்கு நடுவே நடந்தார். ஒன்றாம் எண் எண்பத்தெட்டு, இரண்டாம் எண் தொண்ணூற்றொன்று. அந்தச் செடிகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுதானா அந்த நூறு?"

பெரியவளின் உறைமுன் வந்து நின்று நிமிர்ந்தார். கறுப்புக் குடைக்கு அடியில் ஒரு காய்ந்த தண்டு. போனைப் பார்த்தார். தண்டைப் பார்த்தார். மறுபடி போனைத்தான் பார்த்தார்.

"இது இப்ப... ஓய்வுல இருக்கா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். செயலாளர் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். மரத்தடியில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை நான் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளவில்லை.

"செத்துப்போச்சு மேடம். நான்தான் கொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, கை, இலைக்குப் பின்னால் தள்ளிய குச்சி, ரம்பத்துக்கு முன்னால் போன அந்த நிமிஷம். மேடத்திடம் சொல்கிற மாதிரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அப்ப அது பொய் சொல்லலை," என்றார் கடைசியில். மூன்று மாசமாக இந்த ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து கேட்கத்தான் காத்திருந்தார். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை.

"இல்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் உன் மூஞ்சியைத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்."

"சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

மேடம் சங்கடத்தோடு இருமினார்.

"இது உங்க குடும்ப விஷயம். நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல. சிஸ்டத்துல பச்சை இருக்கு, எங்களுக்கு அது போதும். ஆர்டர் ஆர்டர்தான். வாசலுக்கு ரெண்டாம் நம்பரை எடுத்துக்கறேன்."

செயலாளர் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. குனிந்து மூன்றாம் எண்ணின் குச்சியைப் பிடித்தார். பிடுங்கினார். அதன் அடியில் ஒட்டியிருந்த ஈரமண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார்.

அவர் போனும் மேடத்தின் போனும் ஒரே நேரத்தில் அலறின. மூன்றாம் எண் பதிலளிக்கவில்லை. செடியை உடனே கவனிக்கவும்.

"ஐயோ, திருப்பி வைங்க சார்! இன்னும் ரெண்டே நாள்தான்! மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்!"

அவர் திருப்பி வைக்கவில்லை. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேர்மேலும் வெயில் நேராக விழுந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கிளை விழுந்து இருபத்தெட்டு நாள் கழித்து, அவள் இல்லை என்பதை அது அன்றைக்குத்தான் சொன்னது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எனக்கும் அதே இருபத்தெட்டு நாள்தான் ஆனது.